உறைந்த ஏரியில் சைக்கிள்: இறங்கும் முன்பும் இறங்கிய பின்பும் செய்யவேண்டியவை

ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஒரு மணிநேரம் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி. ஜனவரி கடைசியில் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளிதான். தடித்த ரயர் சைக்கிளோடு அதில் இறங்கவேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். சில குளிர்காலங்களாகப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் ஒரே மாதிரித்தான் பிழை விடுகிறார்கள். முதலில் சைக்கிள் வாங்குவார்கள், பிறகு ரயர், பிறகு உடுப்பு. தண்ணீருக்குள் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சிலருக்கு வரவே வராது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கீழே உள்ளபடியே, ஒன்றையும் தாண்டாமல் வாருங்கள்.

1. வெளியே ஏறும் வழியை முதலில் பழகுங்கள்

ஐஸ் உடைந்து உள்ளே போனவரைக் குளிர் உடனே கொன்றுவிடாது. மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே பலமுறை உறைநீரில் இறங்கி இதை ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. மூச்சை வழிக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், குளிரால் நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணிநேரம்.

முதல் நிமிடம் மூச்சுக்கு மட்டும். குளிர்நீர் பட்டதும் உடம்பு தானாகவே பெருமூச்சு இழுக்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால்தான் ஆபத்து. ஐஸின் விளிம்பில் கையைப் போட்டு, தலையை மேலே வைத்து, மூச்சு சீராகும்வரை பொறுங்கள். ஏறும் வேலையை அதுவரை தொடங்கவேண்டாம்.

பிறகு வந்த திசைக்குத் திரும்புங்கள். ஒரு நொடி முன்புவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முன்னால் இருப்பது எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. நடந்து போகிறவர் விழுந்த இடத்திலேயே நிற்பார். சைக்கிள்காரரை வேகம் ஓட்டையின் மறுபக்க விளிம்புக்கே கொண்டுபோய்விடும், அதனால் திசை குழம்பும். பனியில் ரயர் தடம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் பக்கம். சைக்கிளை விட்டுவிடுங்கள்.

கைகளை ஐஸின் மேல் நீட்டி, கால்களைப் பின்னால் பலமாக அடித்து, உடம்பைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். கிணற்றுக் கட்டில் ஏறுவதுபோல நேராகக் கையூன்றி எழும்பப் பார்த்தால் உடம்பின் முழுப் பாரமும் ஒரு விளிம்பில் இறங்கும், விளிம்பு உடையும். கிடையாக வந்ததும் ஐஸ் பிக் (கழுத்தில் தொங்கும், ஆணி வைத்த கைப்பிடிகள்) இரண்டையும் மாறிமாறிக் குத்தி, கடலாமை கரையேறுவதுபோல வயிற்றால் இழுபட்டு வெளியே வாருங்கள். விளிம்பு உடைந்தால் உடைத்துக்கொண்டே முன்னேறுங்கள், தடித்த ஐஸ் வரும். வெளியே வந்ததும் எழுந்து நிற்காதீர்கள். வந்த பாதையிலேயே சில மீற்றர் உருண்டு போங்கள்.

பத்து நிமிடத்தில் ஏறமுடியவில்லை என்றால் போராட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் வரும்படி ஐஸில் பரப்பி வைத்து அசையாமல் இருங்கள். நனைந்த சட்டைக்கை ஐஸோடு சேர்ந்து உறைந்துவிடும். நினைவு தவறினாலும் அது உங்களைத் தண்ணீருக்குள் வழுக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும், உதவி வருவதற்கு நேரம் கிடைக்கும்.

இதை வாசித்தால் மட்டும் போதாது. குளிர்கால உடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு, வீட்டுத் தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் உங்களை இழுத்துப் பாருங்கள். என்னோடு வருகிற ஒவ்வொருவரையும் இதைச் செய்யவைக்கிறேன். பருத்த கையுறையோடு ஐஸ் பிக்கின் பிடியைப் பற்ற முடியாது என்பது பலருக்கு அந்தத் தரைவிரிப்பில்தான் விளங்குகிறது.

2. பையில் அல்ல, உடம்பில் இருக்கவேண்டியவை

ஐஸ் பிக் என்பது முனையில் உருக்கு ஆணி வைத்த இரண்டு கைப்பிடி, நடுவே ஒரு கயிறு. மீன்பிடிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கழுத்தில், ஜக்கெட்டுக்கு வெளியே, நெஞ்சு மட்டத்தில் தொங்கவேண்டும். ஒருமுறை கரையில் வைத்து ஒரு தம்பியிடம் "ஐஸ் பிக் எங்கே?" என்று கேட்டேன். "இருக்குது அண்ணா, பைக்குள்ளே" என்றார். தண்ணீருக்குள் இருந்துகொண்டு முதுகுப்பையின் சிப்பைத் திறக்க யாராலும் முடியாது.

மிதப்புச் சட்டை அவசியம். படகில் போடும் சாதாரண மிதப்புச் சட்டையும் உதவும். அதை ஜக்கெட்டுக்கு மேலே போடுங்கள், சூட்டையும் தரும். மீன்பிடிப்பவர்கள் உடுத்தும் மிதக்கும் குளிர்ச்சட்டை இன்னும் நல்லது, ஆனால் சைக்கிள் மிதிக்கும்போது வேர்த்துக் கொட்டும்.

கழுத்தில் ஒரு விசில். குளிரில் நடுங்கும் வாயால் நெடுநேரம் கத்தமுடியாது.

கைபேசி தண்ணீர் புகாத உறையில், உள்ளுடுப்புக்கும் சட்டைக்கும் நடுவில் இருக்கட்டும். வெளிப்பையில் வைத்தால் மைனஸ் 15இல் பாதிப் பற்றரி இருக்கும்போதே அணைந்துவிடும்.

முதுகுப்பையில் ஒரு முழுச் சோடி மாற்றுடுப்பு, தண்ணீர் புகாத பையில் இறுக்கிக் கட்டியபடி. சுவீடனில் ஏரிகளில் நெடுந்தூரம் ஸ்கேட்டிங் போகிறவர்கள் இதே பையை மிதவையாகவும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று ஆளைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் பை தலைக்கு மேலே எழும்பாமல் இருக்க, கால்களுக்கு நடுவே ஒரு பட்டியும் வேண்டும்.

எறிகயிறு 15 முதல் 20 மீற்றர். குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கயிறு வைத்திருப்பவரே விழுந்தால்? ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.

3. சைக்கிளை ஆயத்தப்படுத்துதல்

பனி படிந்த ஏரியில் 4 அங்குலத்துக்கு மேல் அகலமான ரயர் நன்றாகப் போகும். ஆனால் காற்று பனியை அள்ளிக்கொண்டு போன இடங்களில் வெறும் ஐஸ் கண்ணாடிபோலக் கிடக்கும். அங்கே அகலம் உதவாது, ஆணி பதித்த ரயர்தான் வேண்டும். முன்சக்கரத்துக்கு மட்டும் ஆணி ரயர் வாங்கிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. முன்சக்கரம் வழுக்கினால்தான் விழுவோம் என்பதால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஏரிக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து, ஏனென்றால் ஐஸில் பிறேக் பிடிப்பது பின்சக்கரத்தில்தான்.

புது ஆணி ரயரை நேரே ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தார் ரோட்டில் 40, 50 கிலோமீற்றர் மெதுவாக, திடீர்ப் பிறேக் போடாமல் ஓட்டுங்கள். அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் ஊன்றி நிற்கும், பிறகு கழன்று விழாது.

காலைப் பூட்டிப் பிடிக்கும் மிதிகள் வேண்டவே வேண்டாம். தட்டை மிதி மட்டும். கைப்பிடியில் மாட்டும் பெரிய குளிருறைகள் நல்லவை, ஆனால் கை ஒரே இழுப்பில் வெளியே வரவேண்டும். பழகிப் பாருங்கள்.

கடுங்குளிரில் பின்சக்கர மையத்தில் இருக்கும் கிறீஸ் இறுகிவிடும். மிதித்தால் சக்கரம் பிடிக்காமல் மிதி சும்மா சுற்றும். கரையில் இருந்து நாலு கிலோமீற்றரில் இப்படி நடந்தால் நடைதான். குளிருக்கான மெல்லிய கிறீஸ் போட்டுத் தரும்படி கடையில் கேளுங்கள். வீட்டில் இருந்து புறப்படுவதற்குச் சில மணிநேரம் முன்பே சைக்கிளை வெளியே வையுங்கள். சூடான சக்கரத்தில் பனி உருகி, பிறேக்கில் மறுபடி உறைந்து பிடித்துக்கொள்ளும்.

4. போவதா வேண்டாமா: வீட்டில் எடுக்கும் முடிவு

காலண்டரை நம்பாதீர்கள். "போன வருடம் இதே நாளில் போனோமே" என்பது ஒரு காரணமே அல்ல. ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில் ஸ்கேட்டிங் திறக்க 30 செ.மீ. நல்ல ஐஸ் வேண்டும். 2022-23 குளிர்காலத்தில் அது ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை, அந்த ஸ்கேட்டிங் பாதையின் வரலாற்றிலேயே முதல் தடவையாக. நாள்தோறும் ஆள் வைத்து அளக்கும் இடத்திலேயே இந்த நிலை.

கடந்த பத்து நாட்களின் வெப்பநிலையைப் பாருங்கள், இன்றைய வெப்பநிலை மட்டும் போதாது. இரண்டு நாள் மழை பெய்து, பிறகு ஓரிரவு மைனஸ் 20 என்றால் மேலே ஒரு பளபளப்பான தோல் வந்திருக்கும், அதற்குக் கீழே இருப்பது சொதசொத என்றிருக்கும். முதல்நாள் கனத்த பனி பெய்திருந்தாலும் கவனம். பனி ஒரு போர்வை மாதிரி, கீழே ஐஸ் தடிப்பதை மெதுவாக்கிவிடும். அதன் பாரம் ஐஸை அமுக்க, வெடிப்புகளால் தண்ணீர் மேலே வந்து பனிக்கு அடியில் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரயர் புதையும், சப்பாத்து நனையும், அரை மணிநேரத்தில் கால்விரல் விறைக்கும்.

காற்றைப் பாருங்கள். மைனஸ் 15இல் 20 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 24. போகும்போது முகத்தில் அடிக்கும்படி, திரும்பும்போது முதுகைத் தள்ளும்படி பாதையைப் போடுங்கள். புதியவர்கள் நேர்மாறாகத்தான் செய்வார்கள். பின்காற்றில் சுகமாக எட்டுக் கிலோமீற்றர் போய்விட்டு, வேர்த்த சட்டையோடு எதிர்க்காற்றில் திரும்புவது பெரிய கொடுமை.

கடைசியாக, கரையில் இருக்கும் ஒருவரிடம் நான்கு விடயம் சொல்லுங்கள்: எங்கே இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் அவர் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கவேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றாலும் பெரிய பயன் இல்லை. அவர் "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருட்டும்வரை காத்திருப்பார்.

5. எங்கே இறங்கக்கூடாது

சிம்கோ ஏரியின் பரப்பு ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர். அது முழுவதும் ஒரே நாளில் உறைவதில்லை. தெற்கே உள்ள குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, முதலில் உறையும். பரி நகரை ஒட்டிய கெம்பன்பெல்ட் விரிகுடாவில் ஆழம் 40 மீற்றரைத் தொடுகிறது. அவ்வளவு தண்ணீரும் குளிர்ந்தபிறகுதான் அங்கே மேற்பரப்பு உறையும். ஒரு விரிகுடாவில் ஐஸ் நன்றாக இருக்கிறது என்று கேட்டு, இன்னொன்றில் இறங்கவேண்டாம்.

ஓடும் தண்ணீர் ஐஸை அடியில் இருந்து தின்னும். குக்ஸ் விரிகுடாவில் ஹொலண்ட் ஆறு விழும் இடம், தெற்குக் கரையில் பிளாக் ஆற்றின் முகம், ஒரிலியாவுக்குப் பக்கத்தில் ஏரி குச்சிச்சிங் ஏரிக்கு வழிந்தோடும் அதர்லி ஒடுக்கம், இவற்றை வரைபடத்தில் சிவப்பால் வட்டமிட்டு, வெகு தூரம் விலகிப் போங்கள். மேலே பனி மூடியிருந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணால் பிரிக்கமுடியாது.

படகுத்துறைகளின் பக்கமும் வேண்டாம். மரத்தூண்கள் ஐஸில் சிக்கி உடையாமல் இருக்க, வீட்டுக்காரர்கள் அடியில் காற்றுக்குமிழி விடும் இயந்திரம் வைத்திருப்பார்கள். அது கீழே உள்ள சற்றுச் சூடான தண்ணீரை மேலே கொண்டுவரும். சுற்றிலும் பல மீற்றர் தூரத்துக்கு ஐஸ் மெல்லிசாக இருக்கும். நாணல் நிற்கும் இடம், வெளியே தலைநீட்டும் பாறை, வாத்துகள் கூடியிருக்கும் இடம் ஆகியவையும் இதே கணக்கில்தான்.

6. அளத்தல்

புதியவர்கள் அதிகம் விழுந்தெழும்பும் இடம் இதுதான், பொறுமையாக வாசியுங்கள். கரையில் ஒரு ஓட்டை போட்டு, "22 செ.மீ. இருக்கு, போகலாம்" என்று சைக்கிளில் ஏறுவார்கள். அந்த 22 செ.மீ. அந்த ஓட்டைக்கு மட்டும்தான் உண்மை. ஒரு பெப்ரவரியில் கரையில் 22 செ.மீ. அளந்து, அரை கிலோமீற்றர் போய் மறுபடி துளைத்தேன். ட்ரில் திடீரென்று கீழே போய்க் கை ஐஸில் இடித்தது. வெறும் 9 செ.மீ. கரையில் ஒரு சிறிய ஓடை விழுவது பனிக்குள் மறைந்திருந்தது. வந்த தடத்திலேயே, ஒருவருக்கொருவர் விலகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம்.

கருவிகள் இவை. ஊரில் குழி தோண்டும் அலவாங்கு போல, முனை உளிபோல் தீட்டிய இரும்புக் கம்பி ஒன்று. பற்றரியில் ஓடும் ட்ரில்லும் 40 செ.மீ. நீளமான மரம் துளைக்கும் அலகும். ஒரு அளவுநாடா. ட்ரில்லின் பற்றரியையும் ஜக்கெட்டுக்குள் வையுங்கள்.

முதல் நூறு மீற்றர் நடைதான். சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டு, அலவாங்கால் முன்னே குத்திக் குத்திப் போங்கள். சத்தத்தைக் கேளுங்கள். இறுகிய ஐஸ் "ணங்" என்று கையில் அதிரும். மெல்லிய ஐஸ் "தொப்" என்று உள்வாங்கும். இரண்டு மூன்று குத்தில் தண்ணீர் எட்டிப்பார்த்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

துளைத்ததும் அளவுநாடாவின் கொக்கியை ஓட்டைக்குள் விட்டு, ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி அளந்து பாருங்கள். பிறகு எந்த நிறத்தில் எத்தனை செ.மீ. என்று பாருங்கள், தடிப்பு மட்டும் காணாது. தெளிந்த, கருநீலமாகத் தெரியும் ஐஸ்தான் பலமானது. வெள்ளை ஐஸ் பனியும் தண்ணீரும் கலந்து உறைந்தது, உள்ளே காற்று இருக்கும். அதைப் பாதியாகத்தான் கணக்கிடவேண்டும். 8 செ.மீ. தெளிந்ததும் 10 செ.மீ. வெள்ளையும் இருந்தால் மொத்தம் 18 அல்ல, 8 கூட்டல் 5, ஆகப் 13. சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அதன் தடிப்பு என்னவாக இருந்தாலும் திரும்புங்கள்.

கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு, தனியாக நடக்க 15 செ.மீ., குழுவாகப் போக 20, பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கு 25. சைக்கிளுக்குத் தனி அளவு இல்லை. ஒருவர் என்றால் 15, இருவரோ அதற்கு மேலோ என்றால் 20 என்று நான் வைத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லோர்ன் கோல்ட் 1971இல் ஒரு சூத்திரம் தந்தார். தடிப்பை செ.மீ.இல் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு ஏறத்தாழ நாலால் பெருக்கினால் நல்ல தெளிந்த ஐஸ் தாங்கும் கிலோ வரும். 10 செ.மீ. 400 கிலோ. 5 செ.மீ. வெறும் 100 கிலோ. தடிப்பு பாதியானால் தாங்கும் பலம் காற்பங்காகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோதானே, 10 செ.மீ. போதாதா என்று கேட்பார்கள். வெடிப்பு இல்லாத, ஒரே சீரான ஐஸுக்குத்தான் அந்தக் கணக்கு. வெடிப்பின் விளிம்பில் பலம் அரைவாசிக்கும் கீழே போகலாம். அரை கிலோமீற்றரில் 22 எப்படி 9 ஆகியது என்று மேலே பார்த்தோம். அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்தக் கூடுதல் செ.மீ.கள்.

நூற்றைம்பது மீற்றருக்கு ஒருமுறை துளையுங்கள். அப்புறம், பனியின் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு முனையைத் திரும்பும்போதும் மறுபடி.

"அங்கே கார் நிற்கிறதே" என்பது அளவு அல்ல. அந்தக் கார் எந்தப் பாதையால் போனது என்று உங்களுக்குத் தெரியாது.

7. ஓட்டம்

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் பத்து மீற்றருக்குக் குறையாத இடைவெளி. முன்னால் போகிறவர் உள்ளே போனால் பின்னால் வருபவர் நிற்க இடம் வேண்டும், ஆணி ரயரும் ஐஸில் உடனே நிற்காது.

இடைவெளி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், படம் எடுக்கும்வரை. ஆறு பேர் சைக்கிளோடு ஒரே இடத்தில் தோள்மேல் கைபோட்டு நின்றால் அது 600 கிலோ. கோல்டின் கணக்கில் 12 செ.மீ. தெளிந்த ஐஸின் எல்லையையே அது தாண்டிவிட்டது. சாப்பிட நிற்கும்போதும் தள்ளித் தள்ளி நில்லுங்கள், சத்தமாகக் கதைத்துக்கொள்ளலாம்.

பின் பிறேக்கை மட்டும், மெல்ல. வளைவில் பிறேக் வேண்டாம். தலைக்கவசம் கட்டாயம், ஐஸில் பின்மண்டை அடிபட விழுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு உடையும். சைக்கிளை விட்டுத் தோளால் சரியுங்கள்.

ஐஸில் ஓட்டை போட்டு மீன்பிடிப்பவர்களின் குடில்கள் இருந்த இடங்களில் மெதுவாகப் போங்கள். கைவிடப்பட்ட ஓட்டைகள் மேலே ஒரு தோல் உறைந்து, பனி மூடிக் கிடக்கும். முன்சக்கரம் உள்ளே போனால் தலைகுப்புறத்தான். ஸ்னோமொபைல் பாதையைக் குறுக்கே தாண்டும்போது நின்று இருபக்கமும் பாருங்கள். அவர்கள் வேகமாக வருவார்கள், பனித்தூளில் உங்களைத் தெரியாது. பகலிலும் சைக்கிளில் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்.

பனிக்காற்று எழும்பினால் கரை மறைந்துவிடும். வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வட்டமாகப் போவோம். வந்த தடத்தைக் கைபேசியில் பதிவுசெய்தபடியே ஓட்டுங்கள், சட்டைப்பையில் ஒரு சாதாரண திசைகாட்டியும் இருக்கட்டும். கரை மங்கத் தொடங்கியதுமே திரும்புங்கள், மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

8. வெடிப்பும் முகடும்

ஏரி சத்தம் போடும். இரவில் வெப்பநிலை இறங்கும்போது தூரத்து இடிபோலவும், காலடியில் கம்பி அறுந்ததுபோலவும் கேட்கும். முதன்முறை கேட்பவர் உறைந்து நிற்பார். ஐஸ் குளிர்ந்து சுருங்கும்போதும் சூடேறி விரியும்போதும் வரும் சத்தம் அது, அதை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்லமுடியாது. சத்தத்தோடு தண்ணீர் மேலே வந்தாலோ, காலடியில் ஐஸ் அமுங்கினாலோதான் ஆபத்து.

காய்ந்த, மயிரிழை வெடிப்புகள் எங்கும் இருக்கும். சைக்கிளுக்கு அவற்றில் வேறொரு ஆபத்து: வெடிப்பு உங்கள் பாதையோடு சேர்ந்தே ஓடினால் ரயர் அதற்குள் மாட்டி ஆளைத் தூக்கி எறியும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டுவதுபோல நேர்குறுக்காகத் தாண்டுங்கள்.

ஈர வெடிப்பும் முகடும் வேறு சங்கதி. இரண்டு பெரிய ஐஸ் தகடுகள் ஒன்றையொன்று தள்ளி, விளிம்புகள் உடைந்து எழும்பி நிற்பதுதான் முகடு. பார்க்கச் சிறு கற்சுவர்போல இருக்கும். அதன் இரு ஓரமும் கீழே அமுங்கித் தண்ணீர் நிற்கலாம், காலையில் மூடியிருந்த இடைவெளி மாலையில் திறந்திருக்கலாம். சிம்கோவில் இப்படி ஐஸ் பிளந்து, மீன்பிடிக்கப் போனவர்கள் மறுபக்கம் மாட்டிக்கொண்டு, மீட்புப்படை போய்க் கூட்டிவந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. என் விதி: முகட்டைத் தாண்டுவதில்லை. போகும்போது தாண்டமுடியும் என்பது உண்மையாக இருக்கலாம். திரும்பி வரமுடியுமா என்பது உங்கள் கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது.

9. கூட வந்தவர் விழுந்தால்

ஓடிப் போகாதீர்கள். ஒருவரைத் தாங்காத ஐஸ் இருவரைத் தாங்காது. முதலில் குரலால் உதவுங்கள்: "மூச்சு விடு, இந்தப் பக்கம் திரும்பு, காலை அடி." பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருவர் 911ஐ அழைக்கட்டும்.

தூரத்தில் இருந்தே கயிற்றை எறியுங்கள். கயிற்றின் முனையில் வளையம் போட்டிருந்தால் விழுந்தவர் அதைக் கைக்குள் மாட்டலாம், விறைத்த விரல்களால் வெறும் கயிற்றைப் பிடிக்கமுடியாது. கயிறு எட்டாவிட்டால் வயிற்றில் படுத்து, சைக்கிளைப் படுக்கப்போட்டு முன்னே தள்ளி நீட்டுங்கள். இழுக்கும்போதும் படுத்தே இழுங்கள். வெளியே வந்தவர் எழும்பாமல் உருண்டு வரட்டும்.

10. வெளியே வந்தபின்

காற்றுப் படாத இடத்தில், ஒரு குடிலின் பின்பக்கமாவது, ஈர உடுப்பைக் கழற்றி மாற்றுடுப்பைப் போடுங்கள். வெட்கம் பார்க்கும் நேரம் அல்ல. நெஞ்சையும் கழுத்தையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கைகாலைத் தேய்க்கவேண்டாம், தோல் காயப்படும். ஆளைப் பிடித்து உலுக்கவும் வேண்டாம், குளிர்ந்த இதயம் இலகுவில் தடுமாறும். சாராயம் கூடவே கூடாது, அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்ளுடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடும்.

முழு நினைவோடு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் இனிப்பான சூட்டுத் தேநீர் கொடுங்கள். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறத் தொடங்கினால் நிலைமை மோசம், அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்துப் போர்த்துங்கள், உதவி வரட்டும்.

11. காரிலோ ஸ்னோமொபைலிலோ போகநேர்ந்தால்

முடிந்தால் தவிருங்கள். ஐஸ்மேல் கார் ஓட்டும்போது கீழே தண்ணீரில் ஒரு அலை எழும்பும், குறிப்பிட்ட வேகத்தில் அந்த அலையும் காரும் சேர்ந்து ஐஸை உடைக்கும். எஸ்தோனியாவில் அரசு திறக்கும் கடல் ஐஸ் ரோடுகளில் இதற்காகவே மணிக்கு 25 முதல் 40 கிலோமீற்றர் வரையான வேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வாகனங்களுக்கு நடுவே 250 மீற்றர் இடைவெளி, ஆசனப்பட்டி போடக்கூடாது என்பதும் அங்கே விதி. சட்டென்று வெளியே பாயவேண்டி வரலாம்.

கார் உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு நிமிடம் மிதக்கும். அந்த நிமிடத்தில் கைபேசியை எடுக்காதீர்கள். பட்டியைக் கழற்றி, யன்னலைத் திறந்து, பிள்ளைகளை முதலில் வெளியே விட்டு நீங்களும் வெளியேறுங்கள். கதவைத் திறக்கப் பார்த்தால் தண்ணீர் திறக்கவிடாது, திறந்துவிட்டாலும் கார் உடனே நிரம்பும்.

12. மார்ச் மாதமும் திரும்பும் நேரமும்

மார்ச் வெயிலில் அளவுநாடா பொய் சொல்லும். 30 செ.மீ. இருக்கும், ஆனால் உள்ளே மெழுகுவர்த்திகளை நிறுத்தி அடுக்கியதுபோலத் தனித்தனிக் குச்சிகளாகப் பிரிந்திருக்கும். அலவாங்கால் ஒரு குத்துக் குத்தினால் பொலபொல என்று உதிரும். அந்த நாளில் இருந்து அடுத்த குளிர்காலம்வரை ஏரி வேண்டாம்.

அந்தப் பருவத்தில் முதலில் உருகுவது கரைதான். காலை உறைந்த கரையால் சுலபமாக இறங்கியவர் பிற்பகலில் இரண்டு மீற்றர் தண்ணீருக்கு அப்பால் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பகல் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் போகும் நாட்களில் பத்து மணிக்கு முன் கரையேறிவிடுங்கள்.

கரையேறியதும் சைக்கிளைத் துடைக்கும் முன், சப்பாத்தைக் கழற்றும் முன், வீட்டில் நேரம் சொல்லி வைத்த அந்த ஒருவரைக் கூப்பிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அவர் கையில் கைபேசியோடு மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.